வளவின் வானத்தை அளந்த பிறகு டிஷ் வாங்குவோம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஜூலை 2 ஆம் திகதி செய்மதி வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் நிறுவனம் இலங்கையில் சேவையைத் தொடங்கியதிலிருந்து, திருகோணமலையின் ஒதுக்குப்புறக் கிராமங்களில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்தப் பக்கேஜ் எடுக்கலாம்?" என்பதாகவே இருக்கிறது. அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து, மின்சாரமும் கைத்தொலைபேசிச் சேவையும் பல இடங்களில் நின்றுபோன பிறகு அந்தக் கேள்வியில் அவசரமும் சேர்ந்துவிட்டது. அவசரப்பட்டு, செய்மதியோடு பேசும் டிஷ்ஷை வாங்கித் தென்னைகளுக்கு நடுவே வைத்துவிட்டு, "இது சரிவராது" என்று கைவிடுவது பெரிய பண நட்டம். பக்கேஜ் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வளவுக்கு மேலே எவ்வளவு வானம் திறந்திருக்கிறது என்பது. அடுத்தது, வீட்டு மின்சாரம் அதைத் தாங்குமா என்பது. இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் காசு கட்ட வேண்டாம் என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

செய்மதி இணையம் தேவைப்படாத வீடுகளும் உண்டு. ஃபைபர் வாசல்வரை வந்திருந்தால் வேறு யோசனையே வேண்டாம், அதையே எடுங்கள். ஃபைபர் இல்லை, 4ஜி மட்டும் இழுத்துப் பறித்து வேலை செய்கிறது என்றால், குறை எங்கே என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதிகாலை 5 மணிக்கு ஒருமுறையும் இரவு 8 மணிக்கு ஒருமுறையும் வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். காலையில் நல்ல வேகமும் இரவில் ஊர்கிற வேகமும் வந்தால் கோபுரத்தில் நெரிசல். அதற்கு எந்த அன்டெனா போட்டும் பயனில்லை. வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. இரண்டு நேரமும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் சிக்னல் பலவீனம், அதைத் திருத்தலாம்.

சிக்னல் பலத்தைக் போன் திரையில் தெரியும் கோடுகளை எண்ணி அறிய முடியாது. பெரும்பாலான அன்ட்ராய்ட் போன்களில் செட்டிங்குக்குள் அபவுட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் டிபிஎம் கணக்கில் ஓர் எண் காட்டும். 4ஜிக்கு அது கழித்தல் 90 அல்லது அதைவிட நல்லதாக (பூச்சியத்துக்குக் கிட்ட) இருந்தால் ரவுட்டரே போதும். கழித்தல் 100 ஐத் தாண்டி மோசமானால் கூரைக்கு மேலே கோபுரத்தைப் பார்த்தபடி அன்டெனா தேவை. கழித்தல் 115 அளவுக்குப் போய், வீட்டுக்கும் கோபுரத்துக்கும் நடுவே மலையோ அடர்காடோ நின்றால்தான் செய்மதியைப் பற்றி யோசிக்க வேண்டும். அன்டெனா போடும்போது எல்லோரும் விடும் பிழை ஒன்று இருக்கிறது. மெல்லிய கோஅக்ஸ் கேபிளை 10 மீட்டர், 15 மீட்டர் என்று கூரையிலிருந்து வீட்டுக்குள் இழுத்துவிடுகிறார்கள். அன்டெனா கூட்டித் தந்த சிக்னலில் பெரும்பகுதி அந்தக் கேபிளுக்குள்ளேயே செத்துப்போகும். மோடத்தையும் அன்டெனாவையும் ஒரே பெட்டியாகக் கொண்ட வெளிப்புற 4ஜி ரவுட்டரைக் கம்பத்தில் பூட்டி, கீழே சாதாரண நெட்வேர்க் கேபிளை மட்டும் இறக்குவது நல்லது. அந்தக் கேபிளில் 100 மீட்டர்வரை இழப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. செய்மதிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கிலேயே இந்த வேலை முடிந்துவிடும்.

இனி செய்மதிக்கு வருவோம். "எங்கள் வீட்டில் டிவி டிஷ் நன்றாக வேலை செய்கிறது, ஆகவே இதுவும் செய்யும்" என்ற எண்ணம்தான் எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றத்தைத் தருகிறது. டிவி செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் கண்ணுக்கு அசையாமல் நிற்பது. அதற்கு வானத்தில் ஓர் ஓட்டை போதும். இரண்டு பனைகளுக்கு இடையில் அந்த ஓட்டை கிடைத்தாலும் படம் தெளிவாக வரும். ஆனால் அந்த உயரத்தில் நிற்கும் செய்மதி வழியே இணையம் எடுத்தால், கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அதே வழியில் திரும்ப ஏறக்குறைய அரை விநாடிக்கு மேல் எடுக்கும். வீடியோ அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டிருப்பார்கள். ஸ்டார்லிங்க் செய்மதிகள் ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுவதால் அந்தத் தாமதம் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் அவை ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒரு செய்மதி நம் வளவுக்கு மேலே கடந்துபோகச் சில நிமிடங்களே ஆகும். டிஷ் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் அதற்கு ஓட்டை போதாது, பெரிய திறந்த வானம் வேண்டும்.

எவ்வளவு பெரியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இப்போது விற்கப்படும் ஸ்டாண்டர்ட் டிஷ்ஷும், மினி என்ற சிறிய டிஷ்ஷும் 110 பாகை அகல வானத்தைப் பார்க்கின்றன. டிஷ் நேரே மேலே பார்த்தால், சுற்றிவர 35 பாகைக்கு மேலே எதுவும் மறைக்கக் கூடாது. இதை அடிக்கணக்கில் சொல்வது எளிது: மரத்தின் உச்சி டிஷ்ஷைவிட எத்தனை அடி உயரத்தில் இருக்கிறதோ, அதைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் அந்த மரம் நிற்க வேண்டும். டிஷ்ஷைச் சற்றுச் சரித்து வைக்கும்படி ஸ்டார்லிங்கின் போன் ஆப் சொல்லும். அது சரிந்து பார்க்கும் திசையில் மட்டும் இரண்டு மடங்கு தூரம் வேண்டும். 60 அடித் தென்னை ஒன்றையும் 15 அடி உயரத்தில் இருக்கும் டிஷ்ஷையும் எடுத்துக்கொண்டால், வித்தியாசம் 45 அடி. சாதாரணப் பக்கத்தில் ஏறக்குறைய 67 அடி, சரிந்த பக்கத்தில் 90 அடிக்கு மேல் தள்ளி அந்தத் தென்னை இருக்க வேண்டும். கிராமத்து வளவில் இது அபூர்வம். ஆகவே மரத்தை வெட்ட நினைப்பதற்கு முன் டிஷ்ஷை உயர்த்த நினையுங்கள். ஒவ்வோர் அடி உயர்த்தும்போதும் ஒன்றரை அடித் தூரம் மிச்சமாகும். காய்க்கிற தென்னையை இணையத்துக்காக விழுத்துவது எங்களுக்கு உடன்பாடில்லை.

கணக்குப் போட விரும்பாதவர்களுக்கு ஆப் இருக்கிறது. ஸ்டார்லிங்க் ஆப்பை டிஷ் வாங்காமலே, காசு கொடுக்காமலே போனில் இறக்கலாம். அதில் தடைகளைப் பார்க்கும் பகுதியைத் திறந்து, கமராவை வானத்தை நோக்கி மெதுவாகச் சுற்றினால், எந்தப் பகுதி மறைகிறது என்று காட்டும். இங்கேயும் ஒரு பிழை நடக்கிறது. முற்றத்தில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். டிஷ் எங்கே இருக்கப்போகிறதோ அங்கே, ஏணி வைத்து ஏறி, அதே உயரத்தில் போனைப் பிடிக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கிட்டப் போனின் திசைகாட்டி குழம்பும் என்பதால் இரண்டு மூன்று தடவை பாருங்கள். காற்றில்லாத நேரத்தில் ஒதுங்கி நிற்கும் தென்னோலை, வாடைக்காற்றில் பத்தடி ஆடி வந்து மறைக்கும். மழையில் நனைந்த ஓலை காய்ந்த ஓலையைவிட மோசமாக மறைக்கும். இன்று சிறு கன்றாக இருக்கும் முருங்கையும் தேக்கும் இரண்டு வருடத்தில் எங்கே நிற்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மறைப்பு இருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துவைப்பது நல்லது, ஏனென்றால் அது உடனே பிடிபடாது. படம் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. படம் முன்கூட்டியே கொஞ்சம் இறங்கி இருப்பதால் மூன்று நான்கு விநாடித் துண்டிப்பை அது மூடிவிடும். வேகச் சோதனையும் 100 எம்பிபிஎஸ், 150 எம்பிபிஎஸ் என்று அழகாகக் காட்டும். சூம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கும், கனடாவில் இருக்கும் மகனோடு வாட்ஸ்அப்பில் பேசும் அம்மாவுக்கும்தான் சில நிமிடத்துக்கொருமுறை குரல் அறுந்துபோகும். "வேகம் இருக்கிறது, ஆனால் கதைக்க முடியவில்லை" என்று யாராவது சொன்னால் பக்கேஜை மாற்றச் சொல்லாதீர்கள், மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பொருத்தி ஒரு முழு நாள் ஓடவிட்டால், எந்தத் திசையில் மறைகிறது என்பதை ஆப்பே படமாக வரைந்து தரும். அந்தப் படத்தைப் பார்த்து டிஷ்ஷைப் பத்தடி நகர்த்தினாலே குறை தீர்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே முதல் நாளிலேயே கொங்கிறீற் போட்டுவிடாமல், தற்காலிகமாகக் கட்டி இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குங்கள்.

எங்கே பூட்டுவது என்பதில் நம் ஊருக்கென்று சில விடயங்கள் உண்டு. அஸ்பெஸ்டாஸ் சீற்றில் துளை போட வேண்டாம். சீற் வெடிக்கும், அந்தத் தூசி சுவாசப்பைக்குக் கேடு. தகரக் கூரையோடு ஒட்டவும் வேண்டாம். இந்த டிஷ் 50 பாகை செல்சியஸ் வரையான சூழலுக்குச் செய்யப்பட்டது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், மதியத்தில், தகரத்துக்கு மேலே ஓரடிக்குள் இருக்கும் சூடு அந்த எல்லையை எளிதில் எட்டும். சூடு மிஞ்சினால் டிஷ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், மாலையில் மீண்டும் வேலை செய்யும். "மத்தியானத்தில் மட்டும் லைன் போகிறது" என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் அநேகமாக இதுதான். கூரையிலிருந்து இரண்டடியாவது உயர்த்தி, அடியில் காற்றோட்டம் விடுங்கள்.

எங்கள் தெரிவு நிலத்தில் நடும் கம்பம்தான். 2 அங்குல ஜீ.ஐ. குழாய் 20 அடி நீளத்தில் கிடைக்கும். மூன்றடி மண்ணுக்குள், ஒன்றரை அடிச் சதுரக் குழியில், கொங்கிறீற்றோடு போக வேண்டும். நிலாவெளி, குச்சவெளிப் பக்க மணல் நிலத்தில் நாலடி ஆழமும் அகலமான குழியும் தேவை. கம்பத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்திலிருந்து மூன்று திசைக்கு ஸ்டே வயர் இழுக்க வேண்டும். கம்பம் சற்று ஆடினாலும் டிஷ்ஷின் குறி தவறும் என்பதால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. குழாயின் வெளிவிட்டத்தை அளந்த பிறகே டிஷ்ஷோடு பொருத்தும் அடப்டரை வாங்குங்கள். கடையில் 2 அங்குலம் என்று சொல்லும் குழாயின் வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர். கடலிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளில் சாதாரண ஸ்க்ரூவும் கிளாம்பும் ஒரு மாரி முடிய முன் துருப்பிடிக்கும். 316 தரத் துருப்பிடிக்காத உருக்கில் நட்டும் போல்ட்டும் கேட்டு வாங்குங்கள். மலிவானது 304. உப்புக் காற்றுக்கு அது போதாது.

புயலையும் யோசித்துக் கட்ட வேண்டும். மணிக்கு 96 கிலோமீட்டர்க் காற்றைத் தாங்கும் என்று டிஷ்ஷுக்கு அளவு சொல்லப்பட்டிருக்கிறது. கிழக்குக் கரையில் ஏறும் புயல் அதைத் தாண்டலாம். கம்பத்தையே கொங்கிறீற்றில் புதைப்பதற்குப் பதிலாக, அதன் அடியில் இரண்டு ஆங்கிள் இரும்பை கொங்கிறீற்றில் பதித்து, நடுவே கம்பத்தை இரண்டு போல்ட்டில் நிறுத்தினால், மேல் போல்ட்டைக் கழற்றிக் கம்பத்தை நிலத்தில் படுக்க வைக்கலாம். புயல் எச்சரிக்கை வந்த அன்று மாலை இருவர் சேர்ந்தால் கால் மணி நேர வேலை. புயல் போன மறுநாள் ஊருக்கே தொடர்பு தரக்கூடிய பொருளைக் காற்றுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

பெட்டியோடு வரும் கேபிள் 15 மீட்டர். மேலே சொன்ன கம்பத்தில் ஏறவே 5 மீட்டர் போய்விடும். மீதியில் வீடுவரை போய், சுவர் தாண்டி, ரவுட்டர் வரை எட்டுமா என்று கயிறு பிடித்து அளந்து பார்த்துவிட்டுக் குழி தோண்டுங்கள். நீளமான கேபிளைத் தனியாக வாங்கலாம். வெட்டி ஒட்டுவது மட்டும் வேண்டாம். ஒட்டிய இடத்தில் ஈரம் ஏறி, இரண்டாவது மாரியில் பச்சை பிடிக்கும். கேபிளின் முனைத் தலை தடித்தது, ஆகவே சுவர்த் துளை அதற்கேற்ப இருக்க வேண்டும். துளை உள்ளிருந்து வெளியே கீழ்நோக்கிச் சரிய வேண்டும். நுழைய முன் கேபிள் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து ஏறினால், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். குரங்குகளும் அணில்களும் கேபிளை விட்டுவைக்காத ஊர் இது. கம்பத்தின் உச்சியிலிருந்து சுவர்வரை பீ.வீ.சீ. குழாய்க்குள் விடுங்கள்.

இடி மின்னலுக்கு முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் பாதிப்பைக் குறைக்கலாம். கம்பத்துக்கு எர்த் றொட் அடிக்கிறார்கள், நல்லது. அதை வீட்டு எர்த்தோடு தடித்த செப்புக் கம்பியால் சேர்க்காமல் விடுவதுதான் ஆபத்து. இரண்டும் தனித்தனியே இருந்தால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையில் எழும் மின்னழுத்த வேறுபாடு டிஷ் கேபிள் வழியாகவே ரவுட்டருக்குள் பாயும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை இடி முழக்கம் தொடங்கினால், மின் பிளக்கையும் ரவுட்டருக்குள் வரும் டிஷ் கேபிளையும் இரண்டையுமே கழற்றிவிடுங்கள். பிளக்கை மட்டும் கழற்றுவது பாதி வேலை.

மின்சாரத்தைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. ஸ்டாண்டர்ட் டிஷ் ஓடும்போது 75 முதல் 100 வாட் எடுக்கும். 75 என்றே வைத்தாலும் நாள் முழுக்க ஓடினால் 1.8 அலகு, மாதம் 54 அலகு. இங்கே மின்பட்டியலின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண வரிசை, 60 ஐத் தாண்டிய வீட்டுக்கு வேறொரு வரிசை. 50 அலகு பாவிக்கும் சிறு குடும்பம் இந்த டிஷ்ஷை வைத்தவுடன் 100 ஐத் தாண்டிவிடும். கூடிய 54 அலகுக்கு மட்டுமல்ல, முன்பு பாவித்த 50 அலகுக்கும் சேர்த்தே கூடிய விலை கட்ட வேண்டி வரும். மினி 25 முதல் 40 வாட்தான், மாதம் 18 முதல் 29 அலகு. மூன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கு, பாடம், வீடியோ அழைப்பு, படம் என்ற அளவுக்கு மினி தாராளமாகப் போதும். கிராமத்து வீட்டுக்கு மினிதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

எந்த டிஷ் என்றாலும் இரண்டு விடயங்களை ஆப்பில் மாற்றுங்கள். இரவு 11 முதல் காலை 5 வரை தானாக உறங்கவிடும் நேர ஒழுங்கு ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள். அடுத்தது, டிஷ்ஷில் விழும் பனியை உருக்குவதற்காக அதைச் சூடாக்கும் வசதி. குளிர் நாடுகளுக்கு அது தேவை. திருகோணமலையில் அதை முற்றாக நிறுத்திவிடுங்கள்.

மின்வெட்டில் ஓட வேண்டுமென்றால் கணினிக்கு வைக்கும் சிறிய யூ.பி.எஸ்ஸை நம்ப வேண்டாம், சொற்ப நேரத்தில் முடிந்துவிடும். மினிக்கு 12 முதல் 48 வோல்ட் வரை நேர் மின்சாரம் கொடுக்கலாம் என்பதால் இன்வேட்டரே தேவையில்லை. 30 வாட் என்று வைத்து 24 மணி நேரத்துக்கு 720 வாட் மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆகவே 12 வோல்ட் 100 ஆம்பியர் மணிப் பற்றரியில் பாவிக்கக்கூடியது 600 வாட் மணி. பொழுதுபட்டதிலிருந்து விடியும்வரை அது தாராளம். பகலில் அதை நிரப்பவும் டிஷ்ஷை ஓட்டவும் நல்ல வெயில் காலத்தில் 250 வாட் சோலார் பனல் போதும். மார்கழியில் போதாது, அப்போது 400 வாட் வேண்டும், அல்லது உறங்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். ஸ்டாண்டர்ட் டிஷ்ஷுக்கு இதைப்போல இரண்டரை மடங்கு பனலும் பற்றரியும் தேவை, அதனோடு இன்வேட்டரும்.

இந்தச் சோலார் இணைப்பில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிஷ் பழுது என்று நினைத்து அதையே மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். பகல் முழுக்க நன்றாக ஓடும், நள்ளிரவுக்குப் பின் அணைந்து அணைந்து எரியும். டிஷ்ஷில் பிழையில்லை, வயரில்தான் பிழை. பகலில் பனல் சார்ஜ் செய்யும்போது பற்றரி 13.5 வோல்ட் காட்டும், இரவில் 12 க்கு இறங்கும். பற்றரியிலிருந்து 10 மீட்டருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இழுத்திருந்தால், போய்வரும் 20 மீட்டரில் முக்கால் வோல்ட்டுக்கு மேல் விழும். மினியை அடையும்போது 11.3 தான் இருக்கும். அதற்குத் தேவை 12. டிஷ் செய்மதியைப் பிடித்து வேகமாக இழுக்கத் தொடங்கும் கணத்தில் வோல்ட் இன்னும் விழும், அணையும், மீண்டும் தொடங்கும். 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் விழுவது கால் வோல்ட் அளவுக்குக் குறையும். பற்றரிக்குப் பக்கத்திலேயே 12 ஐ 24 வோல்ட்டாக உயர்த்தும் கொன்வேட்டர் ஒன்றை வைப்பது இன்னும் நல்லது. 60 வாட் அளவுக்குக் குறையாததாக வாங்குங்கள். பற்றரிப் பக்கத்தில் 10 ஆம்பியர் பியூஸ் கட்டாயம்.

மழையைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். அது தேவைக்கு மேற்பட்ட பயம். கருமுகில் கவிந்து அடை மழை கொட்டும்போது சில நிமிடம் வேகம் குறையும், சிலவேளை நிற்கும். சாதாரண மாரி மழைக்கு ஒன்றும் ஆகாது.

காசு விடயத்துக்கு வருவோம். சேவை தொடங்கியபோது ஸ்டாண்டர்ட் டிஷ் பெட்டியின் விலை 118,000 ரூபா. மாதக் கட்டணம் லைட் பக்கேஜுக்கு 12,000, முழு வீட்டுப் பக்கேஜுக்கு 15,000. அந்த விலைப்படி லைட்டோடு முதல் வருடச் செலவு 262,000 ரூபா. மின்சாரமும் கம்பமும் புறம்பு. இன்றைய விலையை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். லைட்டில் பாவனை கூடிய மாலை நேரத்தில் முழுப் பக்கேஜ்காரர்களுக்குப் பின்னால்தான் உங்களுக்கு இடம். பிள்ளைகளின் வகுப்பு மாலையில் என்றால் அதைக் கணக்கில் எடுங்கள். இல்லையென்றால் லைட்டே போதும். கட்டணம் மாதாமாதம் வங்கி அட்டையிலிருந்து தானாகக் கழியும், ஆகவே இணையக் கொடுப்பனவுக்கு அனுமதிக்கப்பட்ட அட்டை தேவை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் அட்டையில் கணக்கைத் திறந்தால், அந்த அட்டை காலாவதியாகும் மாதத்தில் சேவை நின்றுபோகும். அதற்கு முன்னரே மாற்ற மறக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து டிஷ்ஷைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதை நாங்கள் ஊக்கப்படுத்த மாட்டோம். தொலைத்தொடர்புக் கருவிகளை இறக்க தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். சுங்கத்தில் பிடித்துவைத்தால் அலைச்சல் உங்களுக்கு. வேறு நாட்டில் பதிந்த ரோமிங் கணக்கில் ஓடினாலும், தொடர்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் இங்கே பாவித்தால் கணக்கை இந்த நாட்டுக்கு மாற்றச் சொல்வார்கள். பாவித்த டிஷ் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: விற்பவர் தன் கணக்கிலிருந்து அந்த டிஷ்ஷை நீக்கி, நீங்கள் உங்கள் கணக்கில் அதன் இலக்கத்தைச் சேர்த்து, அது ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகே காசைக் கொடுங்கள். பழைய கணக்கில் நிலுவை இருந்தால் மாற்ற முடியாது. அந்த டிஷ் உங்களுக்கு வெறும் பலகைதான்.

சீ.சீ.ரீ.வி. வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வீட்டுப் பக்கேஜில் உங்களுக்கென்று தனியான பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து உங்கள் வீட்டு இணைப்பைக் கண்டுபிடிக்கும் எண்) வராது, பலருக்கும் ஒன்றே. ஆகவே ரவுட்டரில் போர்ட் என்ற வாசலைத் திறந்து வெளியிலிருந்து பார்க்கும் பழைய முறை வேலை செய்யாது. கியூஆர் குறியை வருடி கமரா நிறுவனத்தின் ஆப் வழியே பார்க்கும் டி.வி.ஆர். (கமராப் பதிவுப் பெட்டி) ஆக இருந்தால் பிரச்சினையில்லை. தோட்டத்தையும் மாட்டுப்பட்டியையும் வெளிநாட்டிலிருந்து பார்க்க விரும்பும் குடும்பங்கள், டிஷ் வாங்க முன் டி.வி.ஆர். எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.

நாலு வீடு சேர்ந்து ஒரு டிஷ் எடுத்துக் காசைப் பிரிக்கலாமா என்று கேட்கிறார்கள். அந்த யோசனையின் நியாயம் எங்களுக்குப் புரிகிறது. தொடக்க விலையான மாதம் 12,000 என்பது கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு எட்டாத தொகை. ஆனால் வீட்டுப் பக்கேஜ் ஒரு வீட்டுக்கு மட்டுமானது. அதைக் காசுக்குப் பிறருக்குக் கொடுப்பது நிறுவனத்தின் நிபந்தனைக்கு எதிரானது, கணக்கு மூடப்படலாம். இந்த இடத்தில்தான் பிரதேச சபைகள் முன்வர வேண்டும். வெருகல், ஈச்சிலம்பற்று, திரியாய் போன்ற இடங்களில் சிக்னல் எட்டாத பகுதிகளைத் தெரிந்து, அங்குள்ள நூலகத்திலோ பொதுமண்டபத்திலோ வணிகப் பக்கேஜில் ஒரு டிஷ் வைத்தால், மாலையில் இருபது பிள்ளைகள் அங்கே இருந்து படிக்கலாம். அந்தச் செலவு ஒரு சபைக்குப் பெரிதல்ல.

பிரதேச செயலகங்களுக்கும் ஒரு கோரிக்கை. டித்வாவின்போது மாவிலாறு அணைக்கட்டு உடைத்துக்கொண்டு மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம் பரவிய வேளையில், யார் எங்கே அகப்பட்டிருக்கிறார்கள் என்று அறிவதே பெரும்பாடாக இருந்தது. அனர்த்த காலத்தில் மக்களைத் தங்கவைக்கும் பாடசாலைகளுக்குக் கொண்டுபோக, ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒரு மினி டிஷ், ஒரு 100 ஆம்பியர் மணிப் பற்றரி, 24 வோல்ட் கொன்வேட்டர், மடக்கும் சோலார் பனல் ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்திருக்க வேண்டும். பெட்டி அலுமாரிக்குள் இருந்தால் போதாது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டி, மென்பொருள் புதுப்பிப்பை முடித்து, பற்றரியை நிரப்பி வைக்க வேண்டும். நீண்டகாலம் ஓடாத டிஷ் முதலில் புதுப்பிப்பை இறக்கத் தொடங்கிவிடும். அவசர நேரத்தில் அதற்காகக் காத்திருக்க முடியாது. கணக்கின் கடவுச்சொல் ஓர் உத்தியோகத்தரிடம் மட்டும் இருந்து, அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் பெட்டி பயனற்றுப்போகும் என்பதால், அதை இருவருக்குக் கொடுத்து எழுதி வைக்க வேண்டும். மாதக் கட்டணத்தை எந்தச் செலவுத் தலைப்பில் கட்டுவது என்பதையும் அடுத்த மாரி தொடங்கும் ஐப்பசிக்கு முன்னர் மாவட்டச் செயலகம் தீர்த்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
இணைய, சோலார் இணைப்பு வேலை செய்வோர் சிலர்,
திருகோணமலை.